அமரவிளைப் பாலத்தைக் கடந்த மதங்கள்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் பேருந்தில் ஊருக்குப் போகும் நம்மவர்களுக்கு அமரவிளை என்றதும் நினைவுக்கு வருபவை இரண்டு: ஒன்று நெய்யாற்றுப் பாலம், மற்றொன்று கலால் சோதனைச் சாவடி. நெய்யாற்றின்கரையைத் தாண்டிப் பாலத்தில் ஏறி இறங்கினால் அமரவிளை. அடுத்து உதியன்குளங்கரை, பாறசாலை. அதற்கப்பால் களியக்காவிளையில் தமிழ்நாடு தொடங்கிவிடுகிறது. மலையாளத்தார் 'அமரவிள' என்கிறார்கள், நாம் 'அமரவிளை' என்கிறோம். விளை என்பது தோட்ட நிலம். குமரி மாவட்டம் முழுவதும் 'விளை' என்று முடியும் ஊர்களுக்குப் பஞ்சமில்லை. அந்த வரிசையில் ஓர் ஊர் எல்லைக்கு இப்பால் தங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

உலக மதங்கள் எங்கெங்கே பரவியுள்ளன என்று காட்டும் வரைபடங்களைப் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். ஐரோப்பாவும் அமெரிக்காவும் ஒரு நிறம், மொராக்கோவிலிருந்து ஈரான் வரை ஒரு நிறம், இந்தியா முழுவதும் ஒரே நிறம். ஆனால் 2011 கணக்கெடுப்பைப் பாருங்கள். தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு 6 பேர். கன்னியாகுமரி மாவட்டத்தில் மட்டும் நூற்றுக்கு ஏறக்குறைய 47 பேர். சிரியன் கிறிஸ்தவர்களுக்குப் பெயர்போன கேரளத்திலேயே 18 பேர்தான். இது எப்படி வந்தது? மதம் எந்த வழியாக நடந்து வருகிறது, எங்கே நிற்கிறது என்பதை அறிய உலகப் படத்தை விட நாகர்கோவில் சாலையே நல்ல பாடம்.

இந்தப் பகுதிக்கு மதங்கள் முதலில் வந்தது கடல் வழியாக. நெய்யாறு கடலில் கலக்கும் பூவாறு பழைய வணிகத் துறை. அங்கு முஸ்லிம் குடியிருப்பு இன்றும் உண்டு. 1544இல் புனித சவேரியார் திருவிதாங்கூர்க் கடற்கரையில் முக்குவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் என்று அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஆனால் கடற்கரையிலிருந்து சில மைல் தூரமே உள்ள உள்நாட்டு ஊர்களுக்கு அந்த அலை ஏறிவர வெகுகாலம் ஆயிற்று. கடற்கரைச் சமூகமும் பனையேறும் சமூகமும் நிலம் வைத்திருந்தவர்களும் ஒருவரையொருவர் தொடாத உலகங்களில் வாழ்ந்தார்கள். மதம் பரவத் தூரம் தடையில்லை, சாதிதான் தடை. நட்டாலத்து நீலகண்ட பிள்ளை 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனபோது அரண்மனை அவரை விட்டுவைக்கவில்லை. 1752இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15ஆம் நாள் ரோமாபுரியில் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது.

அமரவிளைப் பக்கத்தை உண்மையில் மாற்றியது கடல் அல்ல, தரைவழி. அந்த வழி தஞ்சாவூரிலிருந்து தொடங்குகிறது. அகஸ்தீஸ்வரத்தை அடுத்த மயிலாடியைச் சேர்ந்த மகராசன், சாம்பவர் குலத்தவர், சிதம்பரத்துக்குத் தலயாத்திரை போனவர். திரும்பும் வழியில் தஞ்சையில் கிறிஸ்தவராகி 'வேதமாணிக்கம்' என்ற பெயரோடு ஊர் சேர்ந்தார். அவருடைய அழைப்பின் பேரில்தான் லண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானியர் 1806இல் மயிலாடிக்கு வந்தார். (விசித்திரமான மனிதர் இந்தப் பாதிரியார். 1816இல் ஊரைவிட்டுக் கப்பலேறியவர் எங்கே மறைந்தார் என்று எவருக்கும் தெரியாமலே போயிற்று.) 1818இல் மீட் ஐயர் வந்தார். மிஷன் மயிலாடியிலிருந்து நாகர்கோவிலுக்கும், 1828இல் நெய்யூருக்கும், பிறகு பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நகர்ந்து திருவனந்தபுரத்தை எட்டியது. பாறசாலையில் ஊழியம் செய்த ஜான் ஆப்ஸ் திருவிதாங்கூரில் தாம் கழித்த 22 ஆண்டுகளைப் பற்றிப் புத்தகமே எழுதியிருக்கிறார். அமரவிளையிலுள்ள எல்.எம்.எஸ். பள்ளி அந்த நாளின் அடையாளம். எல்.எம்.எஸ். என்பது லண்டன் மிஷனரி சொசைட்டி.

வந்தது தமிழில் வந்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். தரங்கம்பாடியில் சீகன்பால்கு மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இலேயே அச்சாகிவிட்டது. மலையாளத்தில் பெஞ்சமின் பெய்லியின் புதிய ஏற்பாடு 1829இலும், முழு பைபிள் 1841இலும்தான் கோட்டயத்தில் அச்சேறின. ஆகவே தெற்கிலிருந்து வந்த உபதேசியார் கையில் இருந்தது தமிழ்ப் புத்தகம். கேட்டவர்களுக்கும் தமிழ் புரிந்தது. பாறசாலைப் பக்கம் இரண்டு பாஷையும் கலந்தே வழங்கின. வடக்கே போகப் போக மலையாளம் தேவைப்பட்டது. நெய்யாற்றின்கரைக்கு அருகே திருப்புறத்தில் 1847இல் பிறந்த மோசவத்சலம் சாஸ்திரியார் மலையாளக் கிறிஸ்தவர்கள் இன்றும் பாடும் கீர்த்தனைகளை இயற்றினார். தமிழ்ப் பாட்டுகளை மலையாளத்துக்குக் கொண்டுபோனதிலும் அவருக்குப் பங்குண்டு.

மக்கள் ஏன் சேர்ந்தார்கள்? ஆன்மாவைத் தேடி மட்டும் என்று சொன்னால் முழு உண்மை ஆகாது. ஊழிய வேலையும் தலைவரியும் இருந்த காலம். பெண்கள் மேலாடை அணியக் கூடாது என்ற கொடுமை இருந்த நாடு. மிஷன் சேர்ந்த பெண்கள் குப்பாயம் அணியத் தொடங்கியதும் 1820களில் கலவரம் வெடித்தது. பள்ளிகளும் கோயில்களும் தீக்கிரையாயின. 1859 ஜூலை 26இல் உத்திரம் திருநாள் மகாராஜாவின் விளம்பரம் வந்த பிறகே, அதுவும் பல கட்டுப்பாடுகளோடு, நாடார் பெண்களுக்கு மேலாடை உரிமை கிடைத்தது. 'அரிசிக்காக மதம் மாறினான்' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறவர்கள் இந்தத் தேதிகளையும் நினைவில் வைக்க வேண்டும்.

இதே அவமானத்துக்கு இதே மண்ணில் வேறு பதில்களும் பிறந்தன. சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் (1809-1851) தலைப்பாகை கட்டிக்கொண்டு வழிபடச் சொன்னார். தலைப்பாகை மறுக்கப்பட்டிருந்த மக்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம்! கருவறையில் சிலைக்குப் பதில் கண்ணாடி. அவருடைய நிழல்தாங்கல்கள் இந்த எல்லையைத் தாண்டி நெய்யாற்றின்கரைப் பக்கத்திலும் எழுந்தன. 1888இல் அதே நெய்யாற்றங்கரையில் அருவிப்புறத்தில் ஸ்ரீநாராயண குரு சிவலிங்கப் பிரதிஷ்டை செய்தார். அவர் மருத்துவாமலையில் தவமிருந்தவர், தமிழில் தேவாரப் பதிகம் பாடியவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அருவிப்புறத்துக் கோயில் சங்கமே வளர்ந்து 1903இல் எஸ்.என்.டி.பி. யோகமாயிற்று. 1936இல் ஆலயப் பிரவேச விளம்பரம் வந்ததற்கு இந்த நெருக்கடிகள் எல்லாமே சேர்ந்து காரணம் என்பது என் எண்ணம்.

இதன் பிறகு வந்த எல்லைக்கோடு மதத்தை அல்ல, மொழியைப் பிரித்தது. 1954இல் தமிழர் போராட்டத்தில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகியவை மதராஸ் மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. மூன்றே ஆண்டில், 1959இல், தென்னிந்தியத் திருச்சபையும் அதே கோட்டில் இரண்டானது: இப்பால் தென்கேரளப் பேராயம், அப்பால் கன்னியாகுமரிப் பேராயம். ஒரே மிஷன் நட்ட சபைகள், ஒரே குடும்பத்துக் கிளைகள். பாட்டி தமிழ் பைபிள் வாசித்தாள், பேரனுக்கு அந்த எழுத்தே தெரியாது. அக்காள் வீடு வேதக்காரர், தங்கை வீடு பத்திரகாளி கோயில் நிர்வாகம், பெரியப்பா மகன் கத்தோலிக்கர் என்பதெல்லாம் இங்கே அதிசயமே இல்லை. கல்யாண வீட்டில் எல்லாரும் ஒரே பந்தியில் உட்காருவார்கள். பேசுகிற பாஷைதான் இலைக்கு இலை மாறும்.

மாறாத ஒன்றும் உண்டு. காங்கிரிகேஷனல், பிரஸ்பிட்டேரியன் சபைகள் சேர்ந்து 1908இல் எஸ்.ஐ.யு.சி. என்ற ஐக்கிய சபையை அமைத்தன. 1947 செப்டம்பர் 27இல் சி.எஸ்.ஐ. உருவானதும் அந்தச் சபை அதில் கலந்து மறைந்தது. ஆனால் கேரள அரசின் இடஒதுக்கீட்டுப் பட்டியலில் 'எஸ்.ஐ.யு.சி. நாடார்' இன்றும் உயிரோடு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இல்லாத சபை, தாசில்தார் தரும் சான்றிதழில் மட்டும் இருக்கிறது!

அமரவிளை, பாறசாலை, உதியன்குளங்கரைப் பக்கம் வேருள்ள குடும்பங்கள் நம் சங்கத்திலும் இருக்கலாம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது சபையின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டையும் கல்லறைத் தோட்டத்தையும் ஒருமுறை பார்த்து வாருங்கள். உங்கள் குடும்பக் கல்லறைகளில் எழுத்து எந்த ஆண்டு வரை தமிழில் இருக்கிறது, எந்த ஆண்டிலிருந்து மலையாளமாகிறது என்று குறித்துக்கொண்டு நம் இதழுக்கு எழுதுங்கள். நிழல்தாங்கல், கோயில் கல்வெட்டு, பழைய பனையோலை எதுவானாலும் சரி. பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதினால் நல்லது.