விரல்வழி இசையும் சிற்றரங்கும்

இசையரங்கு என்றவுடன் பெரிய மண்டபமும், ஒலிபெருக்கியும், திரளான மக்களுமே நம் நினைவில் எழுகின்றன. இவை கொழும்பிலும் சென்னையிலும் உள்ளன; வெலிமடையில் இல்லை. ஆதலின் உயர்ந்த இசையை நேரிற் கேட்கும் பேறு மலைநாட்டு மாணவர்க்கு வாய்ப்பது அரிது என்று பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் வேறெந்த இசைக்குப் பொருந்தினும், விரலால் மீட்டப்பெறும் நரம்புக் கருவியின் இசைக்குப் பொருந்தாது. அவ்விசைக்குரிய அரங்கு சிறிய அறையே. அது எவ்வாறு என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குழலூதுவோர் மூச்சுள்ள வரையில் ஒலியை நிறுத்தி வைக்கலாம். வயலின் வாசிப்போர் வில்லை இழுக்குமளவும் ஒலி நிலைக்கும். மீட்டிய நரம்பின் ஒலியோ பிறந்த கணமே தேயத் தொடங்குகிறது. வீணை வாசிப்போர் அத்தேய்வின் இடையேதான் தம் கலைத்திறனைக் காட்டுகின்றனர். வலக்கையின் சுட்டுவிரலும் நடுவிரலும் வாசிப்பு நரம்புகள் நான்கனையும் மீட்ட, சிறுவிரல் பக்கநரம்புகள் மூன்றனையும் தாளத்திற்கேற்பத் தொடும். இடக்கை விரல்கள், மெழுகிற் பதித்த 24 மெட்டுக்களின்மேல் நரம்பைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகங்களைத் தோற்றுவிக்கும். ஒருமுறை மீட்டிய ஒலி அடங்குமுன் பல சுரங்கள் அதனுள் வளைந்து செல்லும். திறந்த வெளியில் தூரம் இருமடங்கானால் ஒலியின் செறிவு நாலிலொன்றாகக் குறையும் என்பது இயற்பியல் விதி. எனவே, தொலைவில் இருப்பவர் செவிக்கு மீட்டிய முதலொலி எட்டும். அதனைத் தொடரும் நுண்மைகள் எட்டா. சொல்லின் முதலெழுத்தை மட்டும் கேட்டுப் பொருள்தேடுவாரை ஒத்தவர் அவர்.

மேனாட்டுக் கிற்றாரும் இவ்வியல்பினதே. அதனைத் தகடு கொண்டு தட்டாது விரலால் மீட்டுவோர், பெருவிரலால் தாழ்ந்த நரம்புகளையும் ஏனைய மூன்று விரல்களால் உயர்ந்த நரம்புகளையும் இயக்குவர். இதனால் பாட்டின் மெட்டும், துணைச் சுரங்களும், அடிச்சுரமும் ஒருவர் கையிலிருந்தே ஒருங்கு பிறக்கும். நகம் பட்டால் ஒலி கூர்மையுறும். விரற்சதை பட்டால் மென்மையுறும். எசுப்பானியக் கலைஞர் பிரான்சிஸ்கோ தாரெகா (1852–1909) தம் பிற்காலத்தில் சதையாலேயே மீட்டினார். சிறுகுழுவினரிடையே வாசிப்பதையே பெரிதும் விரும்பினார். அவருக்குப் பின்வந்த அந்திரே செகோவியா (1893–1987) பெருமண்டபங்களில் வாசித்தபோதும் ஒலிபெருக்கியை விரும்பவில்லை. அவையோரின் அமைதியே அவர்க்கு ஒலிபெருக்கியாயிற்று எனலாம்.

இவ்வுண்மைக்கு நம்மவரிடையே உள்ள தலைசிறந்த சான்று வீணை தனம்மாள் (1867–1938) ஆவார். சென்னை ஜோர்ஜ் ரவுணில் இருந்த அவரது இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைதோறும் அவர் வாசிப்பார். மேடையில்லை, விளம்பரமில்லை. பெரும்பாலும் மிருதங்கமும் இல்லை. விரலில் கம்பிமுனை எதுவும் அணியாது வெறும் விரலாலேயே மீட்டிய அம்மெல்லிசையைக் கேட்கத் தேர்ந்த இசைவாணரும் மாணவரைப்போல் வந்து அடங்கி அமர்ந்தனர். சிறு சலசலப்பும் அங்கே பெருங்குற்றமாகக் கருதப்பட்டது. அவ்வீட்டில் வளர்ந்த பேத்தியருள் பாலசரசுவதி 1973இலும், பிருந்தா 1976இலும் சென்னை மியூசிக் அக்கடமியின் சங்கீத கலாநிதி விருதைப் பெற்றனர். நாள்தோறும் அருகிருந்து கேட்டலின் பயன் இதுவன்றோ!

தமிழ் பயில்வோர்க்கு இது புதிய செய்தியன்று. சிலப்பதிகாரக் கானல்வரியில் யாழ் வாசிக்கப்படுவது பேரவையில் அன்று. கடற்கரையில், புன்னை நிழலில், திரை சூழ்ந்த இடத்தில் மாதவி இசைக்கக் கோவலன் கேட்கிறான். கோவலன் இசைக்க மாதவி கேட்கிறாள். அங்கே இளங்கோவடிகள் விரற்றொழில்களை எட்டாக வகுத்துப் பெயர் கூறுகின்றார். வார்தல் என்பது சுட்டுவிரலின் தொழில் என்று உரைகாரர் விளக்குவர். விரலின் அசைவு ஒவ்வொன்றற்கும் பெயரிட்ட சமூகம், அவ்வசைவுகளை அருகிருந்து கண்ட சமூகமாகவே இருத்தல் வேண்டும். அவ்யாழின் இலக்கணத்தை மீட்டெடுக்க விபுலானந்த அடிகள் பல்லாண்டு உழைத்து இயற்றிய யாழ்நூல், 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது.

ஒலிபெருக்கியைப் பழித்தல் எம் கருத்தன்று. அது வீணையைப் பல்லாயிரவர்க்கு எட்டச் செய்துள்ளது. வெளியரங்கிற்கு உரிய கலைகளும் உள. நம் தோட்டங்களில் ஒலிக்கும் தப்பும், மாசி மாதத்துக் காமன்கூத்தும் வெட்டவெளியிலேயே பொலிவுறும். தப்பை அறைக்குள் அடைத்தலும் வீணையை வெளியில் நிறுத்தலும் ஒரேவகைத் தவறேயாகும்.

இனி, செய்யத்தக்கது யாது? நம் கல்லூரியின் வகுப்பறை ஒன்றே இதற்குப் போதும். நாற்பது பேர் அமரலாம். ஒலிவாங்கி வேண்டா. தகரக்கூரையின்மேல் மழை வீழ்ந்தால் வீணையொலி கேளாது. ஆதலின் வடகீழ்ப் பருவமழைக் காலத்தைத் தவிர்த்து நாள் குறித்தல் நன்று. வருவோர் கைத்தொலைபேசிகளை அணைத்து வைத்தல் வேண்டும். முன்வரிசை விருந்தினர்க்கன்று, மாணவர்க்கே உரியதாதல் வேண்டும். இடக்கை நரம்பை எவ்வளவு இழுக்கிறது, வலக்கை எப்போது ஓய்கிறது என்பவற்றை இரண்டு முழத் தொலைவிலிருந்து காணும் சிறுமி ஒரு மாலையிற் கற்பதனை நூல்கள் பலவும் கற்பிக்கமாட்டா.

பழைய மாணவருள் இசை கற்றோர் பலர் உளர். வெளியூர்க் கலைஞரை அறிந்தோரும் உளர். அவர்கள் ஆண்டுக்கு இருமுறையேனும் ஒரு வீணைக் கலைஞரையோ கிற்றார்க் கலைஞரையோ இங்கு அழைத்துவரத் துணைபுரிவாராயின், பெருமண்டபம் எழும்வரை நம் மாணவர் காத்திருக்க வேண்டியதில்லை. கலைஞர் ஒருவரும் அமைதியாகக் கேட்போர் சிலரும் போதும். ஏனைய யாவும் நம்மிடம் முன்னரே உள்ளன.