குலுங்கிப் போகும் அடுக்களை

ஆஸ்திரேலியாவின் வடமேற்கில், கிம்பர்லி வட்டாரத்தின் குறுக்கே கிப் ரிவர் ரோடு கிடக்கிறது. நீளம் சுமார் 660 கி.மீ. பண்ணை மாடுகளை டெர்பி, விண்டம் துறைமுகங்களுக்கு லாரியில் ஏற்றிப் போகப் போட்ட பாதை. பெரும்பகுதி இன்னும் மண் சாலைதான்; வண்டிகள் ஓடி ஓடி, தகரக் கூரையைப் பரப்பி வைத்தாற்போல வரிவரியாக மேடும் பள்ளமும். மே மாதம் வாக்கில் மழை ஓய்ந்து வெயில் காய்ந்ததும், கேம்பர் டிரெய்லரை ஜீப்பில் கோத்துக்கொண்டு குடும்பங்கள் இங்கே வந்து சேர்கின்றன.

கேம்பர் டிரெய்லர் என்பது ஓர் இழுவண்டி. மேலே மடித்து வைத்த கூடாரம். பின்னாலோ பக்கவாட்டிலோ மேசை டிராயர் மாதிரி இழுத்தால் வெளியே வருகிற அடுப்பும் பாத்திரத் தொட்டியும். வீட்டுச் சமையலறை நின்ற இடத்தில் நிற்கும். இது நாள் முழுக்க உதறல் எடுக்கும். எந்தப் பொருளை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு இங்கே பதில் சொல்வது அந்த உதறல்தான்.

குளிர்பான டின்களை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டைப் பெட்டியில் நெருக்கி வைத்தால் பத்திரம் என்று தோன்றும். ஆனால் மணிக்கணக்கில் ஒன்றோடொன்று உரசும்போது அலுமினியம் தேய்ந்து ஊசித்துளை விழுந்துவிடும். சாயங்காலம் டிராயரை இழுத்தால் பிஸ்கட் பொட்டலம் சர்க்கரைத் தண்ணீரில் ஊறிக் கிடக்கும். கண்ணாடி பாட்டிலின் திருகுமூடி தானாகவே கழன்றுகொள்ளும். அனுபவசாலிகள் எண்ணெய் பாட்டிலுக்குப் பழைய காலுறையை மாட்டிவிடுவார்கள். தட்டுக்குத் தட்டு நடுவே துணி போடுவார்கள். பெட்டியில் மிஞ்சும் இடத்தில் துண்டைச் சுருட்டித் திணிப்பார்கள். காலி இடம் இருந்தால் பொருள் ஆடும், ஆடினால் உரசும். வட்ட டப்பாக்களைவிடச் சதுர டப்பாக்களுக்கு மதிப்பு அதிகம் என்பதும் இதனால்தான். நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியை இந்தச் சாலையில் கொண்டுபோனால், முதல் பத்து கிலோமீட்டரிலேயே கடுகும் மஞ்சள்தூளும் ஒன்றாகிவிடும்; ஒவ்வொரு கிண்ணத்துக்கும் தனி மூடி வேண்டும். டப்பாவின் பெயரை மூடியின் மேல் எழுதுவதும் முக்கியம். டிராயரில் கண்ணுக்குத் தெரிவது மூடி மட்டுமே.

வண்டியின் பின்னால் அடுக்களையைப் பொருத்தும் யோசனைக்கு வயது அதிகம். 1866-இல் டெக்சாஸ் மாட்டுப் பண்ணைக்காரர் சார்ல்ஸ் குட்நைட், ராணுவம் கழித்துவிட்ட வண்டியின் பின்புறத்தில் அறைகள் வைத்த மரப் பெட்டியைப் பொருத்தினார். மாவு, காப்பிக்கொட்டை, பீன்ஸ், மருந்து என்று ஒவ்வொன்றுக்கும் தனி அறை. கதவைக் கீழே சாய்த்தால் அதுவே சமையல் மேடை. இன்றைய டிரெய்லரின் பின்கதவும் அதே வேலையைத்தான் செய்கிறது.

எடைக் கணக்கில் பிசகினால் உயிருக்கே ஆபத்து. பாரம் பின்பக்கம் கூடினால் வேகத்தில் டிரெய்லர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கி, இழுக்கிற வண்டியையும் சேர்த்து உலுக்கும். மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு முன் கொக்கியில் இறங்க வேண்டும் என்பது பரவலான கணக்கு. 1,200 கிலோ டிரெய்லர் என்றால் 120 கிலோ. ஆகவே அரிசி, டின் உணவு, தண்ணீர் எல்லாம் அச்சுக்கு அருகில், தாழ்வாக. தொட்டியில் 100 லிட்டர் தண்ணீர் இருந்தால் அதுவே 100 கிலோ. குடிக்கக் குடிக்கக் குறையும். பாரத்தின் சமநிலையும் நாளுக்கு நாள் மாறும்.

அடுத்த தொல்லை புழுதி. ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைவதால், செம்மண் தூள் சின்னச் சந்து கிடைத்தாலும் உள்ளே இழுக்கப்படும். கதவைச் சுற்றி ரப்பர் பட்டை நன்றாகப் படிய வேண்டும். அதன் பிறகும் மாவை மூடிய டப்பாவுக்குள்தான் வைப்பார்கள். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். சிலிண்டர் அறைக்குக் கீழ்ப்பக்கம் துளை கட்டாயம்.

குளிர்பெட்டி 12 வோல்ட்டில் ஓடுவது, மேலே திறப்பது. குளிர்காற்று கனம் என்பதால் மூடியைத் திறந்தாலும் அடியிலேயே தங்கும். காற்றை உறிஞ்சிப் பொதிந்த இறைச்சி அடியில், கடைசி நாளுக்கானது எல்லாவற்றுக்கும் கீழே. இன்றைக்கு வேண்டியது மேலே.

பக்கத்திலுள்ள வடக்குப் பிரதேசத்திலிருந்து (Northern Territory) வருகிறவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. குனுனுரா ஊருக்கு அருகே எல்லைச் சோதனைச் சாவடியில் பழம், காய்கறி, தேன் ஆகியவற்றை வாங்கி வைத்துக்கொள்வார்கள். பூச்சியும் தேனீ நோயும் மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் நுழையக் கூடாது என்பதற்காக. அதனால் எல்லைக்கு முந்தைய இரவு, இருக்கிற காய் எல்லாம் ஒரே குழம்பில் விழும். புதிதாக வாங்குவது குனுனுரா கடையில். கேரட், முட்டைக்கோஸ் மாதிரி அடிபட்டாலும் தாங்குபவை நிறைய, தக்காளி கொஞ்சம். தேயிலை, கெட்டில், இரண்டு கோப்பை மட்டும் தனிப் பெட்டியில், கூடாரத்தைப் பிரிக்காமலே கை எட்டுகிற இடத்தில் இருக்கும்.