பணியாரம் விற்றவள்

டீ ஆறட்டும், தம்பி, அதற்குள் சொல்லிவிடுகிறேன். பழைய இலக்கியத்தில் பெண், இனம், அதிகாரம் என்று ஆராய்ச்சிக்காரர்கள் எதைத்தான் தேடுகிறார்கள் என்று கேட்டாயே. 1994இல் மார்கோ ஹெண்ட்ரிக்ஸும் பாட்ரிசியா பார்க்கரும் தொகுத்த நூல், மறு ஆண்டு கிம் ஹால் எழுதிய நூல், இரண்டும் ஷேக்ஸ்பியர் காலத்து எழுத்தை இந்தக் கண்ணோடு படித்தவை. நமக்கு லண்டன் வேண்டாம், நம் தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறையே போதும்.

1530களில் முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, யார் கையில் என்று கடலோடிகளான பரதவருக்கும் முஸ்லிம் வணிகருக்கும் போட்டி. அது கலவரமானதற்கு ஒரு கதை சொல்வார்கள். பணியாரம் விற்ற பரதவப் பெண்ணை எதிர்த்தரப்பு ஆள் ஒருவர் அவமதித்தார். தட்டிக்கேட்ட கணவனின் காதைக் கடுக்கனோடு அறுத்துவிட்டார்கள். பிறகு அடிதடி. குதிரை வணிகர் ஜோவான் தா குரூஸ் யோசனை சொல்ல, கொச்சிக்குத் தூது போனது. போர்ச்சுகீசியர் துணைக்கு வந்தார்கள். பதிலுக்குக் கரையெங்கும் ஆயிரக்கணக்கான பரதவர் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

இப்போது ஆராய்ச்சிக்காரர் போலக் கேட்டுப் பார். காது தெரிகிறது, கடுக்கன் தெரிகிறது, குதிரை வணிகருக்குப் பெயர்கூட இருக்கிறது. பணியாரம் விற்ற அவள் யார்? என்ன சொன்னாள்? சண்டையைத் தொடங்கிவைக்க மட்டும் அவள் தேவைப்பட்டாள். நடந்ததா, இல்லையா என்பதல்ல இங்கே கேள்வி. முத்து வியாபாரத் தகராறு மானப் பிரச்சினையாக மாறினால் யாருக்கு வசதி என்பதுதான். பெரும்பாலும் இதை எழுதிவைத்தவர்கள் பாதிரிமார். எதிர்த்தரப்பின் வாய்மொழி அதில் இல்லை.

இனம் என்றால் வெள்ளை, கறுப்பு மட்டும் என்று நினைக்காதே. இந்தக் கரைக்கு வந்த அண்ட்ரிக் அடிகளாரைப் பார். போர்ச்சுகலில் யூத வழியில் பிறந்தவர். அந்த ரத்தத்தைக் காட்டியே பிரான்சிஸ்கன் சபை அவரை வெளியேற்றியது. இயேசு சபை சேர்த்துக்கொண்டு இங்கே அனுப்பியது. ஐம்பது ஆண்டுக்கு மேல் இந்தக் கரையில் இருந்தார். 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற தமிழ் நூல் அச்சானது அவர் உழைப்பில்தான். அங்கே ரத்தம் சரியில்லை என்று தள்ளப்பட்டவர், இங்கே ஊரே முழந்தாளிட்டுப் பாவத்தைச் சொல்லும் இடத்தில் உட்கார்ந்தார். எனக்கு இந்த ஆராய்ச்சியில் பிடித்த இடமே இதுதான்: அதிகாரம் ஆளோடு ஒட்டிக்கொண்டே வருவதில்லை, கப்பல் ஏறினால் மாறிவிடுகிறது.

1580இல் அவர் பாவசங்கீர்த்தனக் கையேடு ஒன்றையும் அச்சிட்டார். குருவானவர் கேட்க வேண்டிய கேள்விகள் அதில் உண்டு. பெண்கள் சொன்ன பதில் இல்லை. ஆனால் எதைக் கேட்கச் சொன்னார் என்பதை வைத்து, அவர்கள் வீட்டில் எது அவரைத் தொந்தரவு செய்தது என்று ஓரளவு ஊகிக்கலாம். அங்கிருந்து படிக்கத் தொடங்கு.