வாயிலே வண்டி வண்டியாய் கதை. நோட்டிலே நாலே வரி!

புதுவைத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் கற்பனை எங்கே காணாமல் போகிறது?

நாலாவது, ஐந்தாவது படிக்கும் புதுவைப் பிள்ளை யாரையாவது நிறுத்தி, "பெஞ்சல் புயல் அன்னிக்கு உங்க வீட்ல என்ன ஆச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். அவ்வளவுதான், மடை திறந்த வெள்ளம்!

"தண்ணி கட்டில் வரைக்கும் வந்துடுச்சுண்ணே. எங்கப்பா டி.வி.யத் தூக்கி பீரோ மேல வச்சாரு. ஆயா பூனைய மடியில வச்சிக்கினு கட்டில விட்டு எறங்கவே மாட்டேன்னுடுச்சு. அப்புறம் கரண்ட் போயிடுச்சா..."

இப்படி நிறுத்தாமல் போகும் கதை. கேட்பவருக்குப் பஸ் போய்விடும், கதை முடியாது.

நடந்தது என்னவோ சாதாரண சமாச்சாரம் அல்ல. 2024 நவம்பர் 30-ந் தேதி இரவு அந்தப் புயல் புதுவை அருகே கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் 45 சென்டி மீட்டருக்கு மேல் மழை கொட்டித் தீர்த்தது. ரெயின்போ நகரில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. கிருஷ்ணா நகரில் ராணுவம் வந்து ஆட்களை மீட்டது. இவ்வளவையும் கண்ணால் பார்த்த பிள்ளைகள் இவர்கள்.

இப்போது அதே பிள்ளையின் கையில் கட்டுரை நோட்டைக் கொடுத்து, "மழையைப் பற்றி எழுது" என்று சொல்லுங்கள்.

"மழை வானத்தில் இருந்து பெய்கிறது. மழை நமக்கு மிகவும் பயன்படுகிறது. மழையால் பயிர்கள் வளர்கின்றன. மழைநீரைச் சேமிப்போம்."

நாலே வரி. பக்கத்து பெஞ்சுப் பிள்ளை நோட்டிலும் இதே நாலு வரி. கட்டில் இல்லை. ஆயா இல்லை.

பூனை எங்கே போச்சு?

இந்தக் கேசைத் துருவினால் முதலில் சிக்குவது கோனார் காலத்தில் இருந்து வீட்டுக்கு வீடு இருக்கும் நோட்ஸ் புத்தகம். பொங்கல், பசு, மழை, என் பள்ளி எல்லாவற்றுக்கும் அதில் ரெடிமேட் கட்டுரை உண்டு. மனப்பாடம் செய்து ஒப்பித்தால் முழு மார்க். சொந்தமாக எழுதினால்? எழுத்துப் பிழை, ஒற்றுப் பிழை, சந்திப் பிழை என்று பக்கம் முழுக்கச் சிவப்பு மை. எட்டு வயதுப் பிள்ளைக்கும் கணக்குத் தெரியும். எது ஆபத்தில்லாத வழியோ அதில் போய்விடுகிறது.

அடுத்தது பேச்சுக்கும் எழுத்துக்கும் நடுவே கிடக்கும் பள்ளம். "வந்துடுச்சு" என்று நினைக்கிற பிள்ளை "வந்துவிட்டது" என்று எழுத வேண்டும். பெரியவர்களுக்கு இது பழக்கம். பிள்ளைக்கோ ஒவ்வொரு வார்த்தையிலும் ஒரு தடுக்கல். பத்து தடவை தடுக்கினால் பூனையாவது, ஆயாவாவது?

மூன்றாவதுதான் இன்று பெரிசு. புதுவை அரசுத் தொடக்கப் பள்ளிகளில் இங்கிலீஷ் வழி சி.பி.எஸ்.இ. பாடம் வந்து வருஷங்கள் ஆகின்றன. 2023-24 முதல் மேல் வகுப்புகளுக்கும் அதுதான். தனியார் பள்ளிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆக, கதை இருப்பது தமிழில். நோட்டு கேட்பது பெரும்பாலும் இங்கிலீஷில். "ஆயா இறங்க மாட்டேன்னுடுச்சு" என்பதற்கு இங்கிலீஷ் தெரியாத பிள்ளை, தனக்கு எழுதவே தெரியாது என்று முடிவு கட்டிக்கொள்கிறது.

இங்கிலீஷ் வேண்டாம் என்று எந்தத் தாய் தகப்பனும் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. ஆனால் சொந்த மொழியில் ஒரு கதையை முதலில் இருந்து கடைசி வரை சொல்லத் தெரிந்த பிள்ளைதான் நாளைக்கு இன்னொரு மொழியிலும் கோவையாக எழுதும். மழையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லை என்று பழக்கப்படுத்தப்பட்ட பிள்ளைக்கு எந்த மொழியைக் கொடுத்தும் என்ன?

லாசுப்பேட்டையில் இருந்த பெரியவர்

இந்த விவகாரத்தில் புதுவைக்காரர்கள் வெளியூர் போய் யோசனை கேட்க வேண்டியதே இல்லை. பேசுகிற மாதிரியே எழுதிப் பெயர் வாங்கிய கி.ராஜநாராயணன் இங்கே லாசுப்பேட்டையில்தான் பல வருஷம் குடியிருந்தார்.

1923-ல் கோவில்பட்டி பக்கம் இடைசெவலில் பிறந்தவர். பள்ளிப் படிப்பில் ஏழாம் வகுப்பைத் தாண்டாதவர். அவரை 1980-களின் கடைசியில் புதுவைப் பல்கலைக்கழகம் அழைத்து, நாட்டுப்புறவியல் பேராசிரியராக நாற்காலி போட்டு உட்கார வைத்தது! பாட்டிமார் வாயில் கிடந்த கதைகளை ஊர் ஊராகத் தேடிச் சேர்த்தவர் அவர். வந்த இடத்திலும் சும்மா இருக்கவில்லை. மாணவர்களைக் கிளப்பி விட்டுப் புதுவை வட்டாரக் கதைகளையும் திரட்டினார். 1991-ல் சாகித்ய அகாடமி பரிசு. 2021 மே 17-ந் தேதி புதுவையிலேயே காலமானார்.

கதையை எப்படிச் சொன்னார்களோ அப்படியே எழுது என்பதுதான் அவர் வழி. மூன்றாம் வகுப்புக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்குமா?

அவருக்கும் முன்னே இங்கே ஒரு தமிழ் வாத்தியார் இருந்தார். கனக சுப்புரத்தினம் என்று சொன்னால் சிலர் முழிப்பார்கள். பாரதிதாசன் என்றால் தெரியும். 1909-ல் வேலைக்குச் சேர்ந்தவர், 37 வருஷம் பிரெஞ்சு ஆட்சிப் பள்ளிக்கூடங்களில் சாக்பீஸ் பிடித்தார். சின்னப் பிள்ளைகளுக்கென்றே பாட்டும் எழுதினார்.

காசு செலவு இல்லை

சரி, வகுப்பில் என்னதான் செய்வது? இருபது நிமிஷம் போதும்.

பெஞ்சை ஒதுக்கி, பிள்ளைகளை வட்டமாக உட்கார வைக்க வேண்டும். டீச்சர் ஒரு கதையை ஆரம்பித்து, நல்ல கட்டத்தில் வாயை மூடிக்கொள்ள வேண்டும். "அப்புறம் மிஸ்?" என்று கத்துவார்கள். "நீயே சொல்லு" என்று விட்டுவிட வேண்டும். பிள்ளை சொல்வதை, சொன்ன வார்த்தை மாறாமல் டீச்சர் போர்டில் எழுத வேண்டும். "ஆயா எறங்கவே மாட்டேன்னுடுச்சு" என்றால் அப்படியேதான். தன் வாயில் வந்தது போர்டில் எழுத்தாக நிற்பதைப் பார்க்கும் பிள்ளை, அதைப் படிக்கத் தானே எழுந்து வரும்.

இது புதுச் சங்கதி இல்லை. நியூசிலாந்தில் மவோரிப் பழங்குடிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன சில்வியா ஆஷ்டன் வார்னர் என்ற டீச்சர், பிள்ளை எந்த வார்த்தையைக் கேட்கிறதோ அதையே அட்டையில் எழுதிக் கொடுத்துப் படிக்க வைத்தார். அந்த அனுபவத்தை 1963-ல் புத்தகமாகவும் போட்டார்.

இத்தாலிக்காரர் ஜியானி ரோதாரியின் வித்தை இன்னும் தமாஷ். அவரும் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து பத்திரிகைக்கு வந்தவர். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு சொல்லை எடுத்து முடிச்சுப் போடச் சொன்னார். நம் ஊருக்கு மாற்றினால், இட்லி, லைட் ஹவுஸ். லைட் ஹவுசுக்குள் இட்லி. இட்லியின் லைட் ஹவுஸ். இட்லியால் கட்டிய லைட் ஹவுஸ். மழை வந்தால் என்ன ஆகும்? காக்கா வந்தால்? வகுப்பே விழுந்து புரளும். போகிற போக்கில் இன், ஆல், உள் என்று வேற்றுமை உருபும் படித்தாகிவிட்டது!

பிழையைத் திருத்தவே கூடாதா என்று கேட்கலாம். திருத்தத்தான் வேண்டும். ஆனால் முதல் நாள் அல்ல. முதல் நாள் கதை. இரண்டாம் நாள் நோட்டு. மூன்றாம் நாள் திருத்தம், அதுவும் இரண்டே பிழை. ஒரே மூச்சில் இருபது பிழைக்கு வட்டம் போட்டால், அடுத்த வாரம் மறுபடி "மழை வானத்தில் இருந்து பெய்கிறது" வந்து நிற்கும்.

கோரிமேட்டைத் தாண்டினால்...

தமிழ்நாட்டு அரசு 2022-ல் நாலாவது, ஐந்தாவது பிள்ளைகளுக்காக 'ஊஞ்சல்' என்று பத்திரிகையே ஆரம்பித்தது. 2023-ல் வாசிப்பு இயக்கம் வந்தது. நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியாகச் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்கள் போட்டார்கள். புதுவை ஒன்றும் இளைத்தது அல்ல. 1987-ல் 'துளிர்' சிறுவர் இதழ் தொடங்கியபோது தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தோடு கை கோத்தது புதுவை அறிவியல் இயக்கம்தான்.

வீட்டில் செய்வதற்கும் வழி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடற்கரைக்குப் பிள்ளையை அழைத்துப் போகிறவர்கள், பக்கத்துப் பாரதி பூங்காவுக்குள் ஒரு நடை போய் வரலாம். நடுவில் வெள்ளை வெளேர் என்று ஆயி மண்டபம். புதுவை அரசின் முத்திரையிலேயே இருக்கிற மண்டபம்தான்.

ஆயி என்று ஒருத்தி இருந்தாளாம். அவள் வீட்டில் விளக்கு எரிவதைக் கண்ட கிருஷ்ணதேவராயர், கோவில் என்று நினைத்துக் கும்பிட்டு விட்டாராம். விஷயம் தெரிந்ததும் கோபம் வந்து, வீட்டை இடிக்கச் சொன்னாராம். "நானே இடிக்கிறேன்" என்று சொல்லி இடித்து, அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாளாம் ஆயி. எத்தனையோ காலம் கழித்து, பிரெஞ்சுக்காரர்கள் முத்திரையர்பாளையத்தில் இருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டு வந்தபோது இந்தக் கதை மூன்றாம் நெப்போலியன் காதுக்குப் போய், அவர் மண்டபம் எழுப்பச் சொன்னதாகப் பேச்சு.

இதைச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்து பாருங்கள். "அந்த ராஜா அப்புறமா வந்து சாரி சொன்னாராப்பா?" என்று கேட்கும் பிள்ளை. "வீடு இல்லாம அந்த அம்மா ராத்திரி எங்க தூங்குச்சு?" என்று இன்னொன்று கேட்கும். பதில் சொல்ல அவசரப்பட வேண்டாம். "நீயே சொல்லேன்" என்று கேட்டுவிட்டு, ஆளுக்கு ஒரு சுண்டல் பொட்டலம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் போதும். நோட்டு மறுநாள்தான்.