ஃப்ரீஸரில் தூங்கிய பூதம்

பி.காம். முடித்து ஓர் ஆடிட்டர் ஆபீஸில் எடுபிடியாக இருந்தபோது, ஒரு ட்ரையல் பேலன்ஸ் எனக்கு மூன்று நாளாக டாலி ஆகவில்லை. 117 ரூபாய் உதைத்தது. சீனியர் எட்டிப் பார்த்து, "சஸ்பென்ஸ் அக்கவுண்ட்ல போட்டுட்டு சாப்பிட வாய்யா" என்றார். போட்டேன். அந்த 117 ரூபாய் என்ன ஆயிற்று என்று இன்றுவரை தெரியாது.

இங்கிலாந்தில் ஒருத்தர் கிட்டத்தட்ட இதையேதான் செய்தார். ஆனால் அவர் ஒத்திவைத்த கணக்கு, வைரஸ் பற்றிய பாடப்புத்தகத்தையே மாற்றி எழுத வைத்துவிட்டது.

1992. பிராட்ஃபோர்டு நகரத்தில் நிமோனியா. டிமோதி ரௌபாதம் என்கிற நுண்ணுயிர் நிபுணருக்கு ஒரு கூலிங் டவர் தண்ணீர் மேல் சந்தேகம். அந்த மாதிரி தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா குடியிருப்பது வழக்கம். அது அமீபாவுக்குள் புகுந்து பெருகும் என்று 1980-ல் சொன்னவரே இவர்தான். அதனால் தண்ணீரில் யார் ஒளிந்திருக்கிறார்கள் என்று பார்க்க, அமீபாவையே தூண்டில் புழுவாகப் போடுவார்.

ஏதோ மாட்டியது. அமீபா வயிற்றுக்குள் குட்டிக் குட்டி உருண்டைகள். சாதாரண மைக்ராஸ்கோப்பிலேயே தெரிந்தன. பாக்டீரியாவை அடையாளம் காணும் சாயம் போட்டால், சமர்த்தாக ஏறியது. சைஸும் பாக்டீரியா சைஸ். சரி, அதுதான் என்று 'பிராட்ஃபோர்டுகாக்கஸ்' என்று நாமகரணம் நடந்தது. ஆனால் என்ன குலம், என்ன கோத்திரம் என்று விசாரித்தால் ம்ஹூம்! ரௌபாதம் தூக்கி எறியவில்லை. ஃப்ரீஸரில் வைத்தார்.

சில வருஷம் கழித்து அந்த சாம்பிள் பிரான்ஸில் மார்செய் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பாக்டீரியா என்றால் அதனிடம் ஒரு குறிப்பிட்ட ஜீன் இருந்தே தீரவேண்டும், ரேஷன் கார்டு மாதிரி. இதனிடம் இல்லை. கடைசியில் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால்... இருபது பட்டை தீட்டின வைரம் போல ஒரு கூடு, சுற்றிலும் ரோமம். அது வைரஸுக்கு உரிய வடிவம்!

2003-ல் 'சயின்ஸ்' பத்திரிகையில் செய்தி வந்தது. பாக்டீரியா மாதிரி மிமிக்ரி பண்ணியதால் பெயர் மிமிவைரஸ். அடுத்த வருஷம் அதன் மரபணுச் சங்கிலியைப் படித்தபோது சுமார் 12 லட்சம் எழுத்து. எய்ட்ஸ் வைரஸுக்கு மொத்தமே சுமார் 10 ஆயிரம்தான். 2003 கட்டுரையை எழுதியவர்கள் பட்டியலில் ரௌபாதம் பெயர் இல்லை. ஆபீஸ் போகிற உங்களுக்கு இதற்கு மேல் நான் சொல்ல வேண்டாம்.

இவ்வளவு பெரிய ஆசாமி எப்படி யார் கண்ணிலும் படவில்லை?

காபி ஃபில்டரை நினைத்துக்கொள்ளுங்கள். 1892-ல் ருஷ்யாவின் இவனோவ்ஸ்கி, நோய் வந்த புகையிலைச் சாற்றை பீங்கான் ஃபில்டரில் வடிகட்டினார். பாக்டீரியா மேலே நின்றுவிட்டது. கீழே இறங்கிய சாறு அப்போதும் நோயைப் பரப்பியது. கீழே இறங்கியதற்குத்தான் பிறகு வைரஸ் என்று பெயர். அன்றிலிருந்து வைரஸ் பிடிப்பவர்கள் 0.2 மைக்ரான் ஓட்டையில் வடிகட்டி, டிகாஷனை வைத்துக்கொண்டு பொடியைக் கொட்டினார்கள். மிமிவைரஸ் ரோமத்தோடு சேர்த்து சுமார் 0.7 மைக்ரான். நூறு வருஷமாகப் பூதம் பொடியோடு குப்பைக்குப் போயிருக்கிறது!

இப்போது உஷாராகிவிட்டார்கள். சாக்கடைத் தண்ணீரோ குளத்துச் சேறோ கொண்டுவந்து, மண்ணை மட்டும் அடியில் தங்கவிடுகிறார்கள். சன்ன ஃபில்டர் கிடையாது. பாக்டீரியாவைக் கொல்ல ஆன்டிபயாடிக் (வைரஸ் அதற்கு அசராது). குட்டிக் குட்டிக் குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் அமீபாவை வளர்த்து அதில் ஊற்றிவிட்டு, நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். முக்கால்வாசிக் குழிகளில் அமீபாக்கள் ஜாலியாக நீந்திக்கொண்டிருக்கும். எந்தக் குழியில் வெடித்துச் சாகின்றனவோ, அங்கே ஆள் இருக்கிறான். அந்தத் தண்ணீரை எடுத்துப் புது அமீபா மேல் விட வேண்டும். அப்புறம் நீர்க்கவைத்து மறுபடி, மறுபடி... கலப்படம் போய் ஒரே ஜாதி வைரஸ் மிஞ்சும்வரை.

இப்படிப் பிடித்ததில் 2013-ல் வந்த பண்டோரா வைரஸுக்கு 25 லட்சம் எழுத்து வரை. ஒன்று சிலி கடலோரச் சேற்றில், இன்னொன்று மெல்போர்ன் குளத்தில். 2014-ல் சைபீரியாவின் 30 ஆயிரம் வருஷப் பழைய உறைமண்ணிலிருந்து எடுத்த ஒன்று, இன்றைய அமீபாவைப் பார்த்ததும் வேலையைத் தொடங்கிவிட்டது.

'நமக்கு ஆபத்தா சார்?' மிமிவைரஸோடு வேலை பார்த்த லேப் டெக்னீஷியன் ஒருவருக்கு நிமோனியா வந்து, ரத்தத்தில் அதற்கு எதிரான ஆன்டிபாடி இருந்ததாக 2006-ல் எழுதினார்கள். அதை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. பிராட்ஃபோர்டு நிமோனியாவுக்கு இதுதான் காரணம் என்றும் நிரூபணம் இல்லை. அந்தக் கணக்கு இன்னும் சஸ்பென்ஸில்தான்.

நம் நாட்டிலும் பிடித்திருக்கிறார்கள். பம்பாய் ஐ.ஐ.டி.யில் கிரண் கொண்டபாகில் குழு மும்பைத் தண்ணீரில் தேடி, பவாய் ஏரி மெகாவைரஸ், பாந்த்ரா மெகாவைரஸ், குர்லாவைரஸ் என்று லோக்கல் ட்ரெயின் ஸ்டேஷன் வரிசை போலப் பெயர் வைத்திருக்கிறது. சாக்கடை, ஏரி மட்டுமில்லை, முனிசிபல் குழாய்த் தண்ணீரிலும் இந்த வகைகளின் மரபணுத் தடயம் இருப்பதாக 2019-ல் எழுதினார்கள். பதறாதீர்கள், அவை தேடுவது அமீபாவை.

குர்லாவில் மூன்று வருஷம் வாடகை ரூமில் குப்பை கொட்டிய நண்பனுக்கு போன் போட்டுச் சொன்னேன்.

"எங்க ஏரியா பேர்லயா?" என்றான். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "பாந்த்ராவுக்கு மட்டும் எப்படிய்யா மெகா?"