பித்தக்குழாய்ப் பை: வடித்தால் போதாதா?



"பித்தக்குழாயில் நீர்ப்பை என்றால் அதை வடித்துவிட்டால் போதாதா? குழந்தைக்கு இத்தனை பெரிய ஆபரேஷன் எதற்கு?" என்று ஆதரவாளர்கள் எங்களைக் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான்.

கல்லீரலில் சுரக்கும் பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுவருவது பித்தக்குழாய். கணையநீரைக் கொண்டுவரும் குழாயும் குடலின் சுவருக்குள்தான் அதோடு சேர வேண்டும். அங்கே ஒரு சுருக்குத்தசை காவலிருந்து, ஒரு நீர் மற்றதன் குழாய்க்குள் ஏறாமல் பார்த்துக்கொள்ளுகிறது. சிலருக்குப் பிறவியிலேயே இவ்விரு குழாய்களும் குடலுக்கு வெளியிலேயே சேர்ந்துவிடுகின்றன. அப்போது காவலுக்கு வழியில்லை. சாப்பிட்ட இறைச்சியையும் கொழுப்பையும் கரைக்கும் வீரியமுள்ள கணையநீர் பித்தக்குழாய்க்குள் ஏறி, அதன் சுவரை அரிக்கிறது. சுவர் பலவீனப்பட்டு, குழாய் பலூன்போல் வீங்குகிறது. 1969-இல் பாபிட் என்பவர் எடுத்துரைத்த இவ்விளக்கம் எல்லா நோயாளிகளுக்கும் பொருந்தாவிட்டாலும், பலருக்குப் பொருந்துகிறது. இந்நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கும், மேலைநாடுகளைவிட ஜப்பான் முதலான கிழக்காசிய நாடுகளிலும் அதிகம்.

ஜப்பானைச் சேர்ந்த டோடானி 1977-இல் இதை ஐந்து வகையாகப் பிரித்தார். கல்லீரலுக்கு வெளியே பெரிய குழாயே வீங்குவது முதல் வகை, பெரும்பாலோருக்கு இதுதான். நான்காம் வகையில் பல பைகள் இருக்கும், பெரும்பாலும் கல்லீரலுக்கு உள்ளேயும் வெளியேயும். பக்கவாட்டில் தொங்கும் பை இரண்டாவது, குடற்சுவருக்குள் புடைப்பது மூன்றாவது, இரண்டும் அபூர்வம். ஐந்தாவது, கல்லீரலுக்குள் மட்டுமே வருவது. கல்லீரல் முழுவதும் பரவிவிட்டால் மாற்றுக் கல்லீரல்கூடத் தேவைப்படலாம்.

முற்காலத்தில் பையைக் குடலோடு சேர்த்துத் தைத்து வடியவிட்டார்கள். காமாலை தணிந்தது, வீட்டாரும் நிம்மதியடைந்தார்கள். ஆனால் அரிக்கப்பட்ட சுவர் உள்ளேயே இருந்தது. அதில் கிருமி தங்கியது, கல் சேர்ந்தது, பல ஆண்டுகள் கழித்துச் சிலருக்குப் புற்றுநோயும் வந்தது. ஆகையால் இன்று முதல் வகையில் பையையும் பித்தப்பையையும் முழுவதுமாக அகற்றி, கல்லீரலுக்குக் கீழே மிஞ்சும் குழாயோடு சிறுகுடலை இணைக்கிறார்கள். அதன் பின்னும் பல ஆண்டுகள் பரிசோதனைக்கு வர வேண்டும்.

கீழாநெல்லியை நாங்கள் பழிக்கவில்லை. ஆனால் வீங்கிய குழாயை எந்த இலையும் சுருக்காது. காமாலை வந்து வந்து போனாலும், வலது மேல்வயிறு வலித்தாலும், குழந்தையின் மலம் வெளுத்துப்போனாலும் தாமதியாமல் மருத்துவரிடம் காட்டி ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். வலியில்லாத அந்தச் சாதாரண வயிற்று ஸ்கேனிலேயே பை பெரும்பாலும் தெரிந்துவிடும்.