செவ்வரத்தை வேலியிற் காணும் கோளாறுகளும் பரிகாரங்களும்

தோட்ட வேலியிலும் வீட்டு முற்றத்திலும் செவ்வரத்தையை வையாத கமக்காரர் நம் பகுதிகளிற் சிலரே. கொப்பொன்றை முறித்து ஊன்றினாலும் வேர்பிடித்துவிடுவதனாலும், பூசைக்கு ஆண்டு முழுவதும் பூக் கிடைப்பதனாலும், இச்செடி எவருடைய பராமரிப்புமின்றியே வளர்ந்து வருகின்றது. அவ்வாறு கவனிப்பாரற்று நிற்பதிலேதான் இடரும் உள்ளது. செவ்வரத்தை, வெண்டியின் குடும்பத்தைச் சேர்ந்த செடி. பருத்தியும் பூவரசும் அக்குடும்பத்தனவே. ஆதலின் வேலியிலே பெருகும் பூச்சி வேலிக்கு உள்ளே நிற்கும் வெண்டிக்கும், சில வேளைகளிற் கத்தரிக்கும் பப்பாசிக்கும் வந்து சேரும். வேலிச் செடி பட்டுப்போனால் நட்டம் சில பூக்கள்தானே என்று எண்ணி இருந்துவிடலாகாது.

மொட்டு உதிர்தல்

செவ்வரத்தைப் பூ பெரும்பாலும் ஒரு நாட் பூவாகும். காலையில் விரிந்து, மாலையிற் கூம்பி, அடுத்த நாள் விழுவது அதன் இயல்பு. இதனை நோயெனக் கொண்டு மருந்து கேட்டு வருவோரும் உளர். விரியாமலே மொட்டு மஞ்சளாகிக் காம்போடு கழன்று விழுமாயின் அதுவே கோளாறு. சோளகக் காற்று வீசும் மாதங்களில் நிலம் ஒரு கிழமை காய்ந்து, பின் திடீரென நீர் பெறும்போது மொட்டுகள் இவ்வாறு உதிரும். நாள்தோறும் சிறிது நீர் தெளிப்பதிலும், கிழமைக்கு இருமுறை வேரடி நன்கு நனைய இறைத்து, வைக்கோலால் மூடிவிடுதல் நன்று.

நீர் ஒழுங்காய் இருந்தும் உதிருமாயின், மொட்டொன்றைப் பிரித்து வெள்ளைத் தாளின்மேல் உதறிப் பாருங்கள். நூலிழைத் துண்டுபோல் மெலிந்த சிறு பூச்சிகள் ஓடினால் அவை பனிப்பூச்சிகள். உதிர்ந்த மொட்டுகளை அன்றன்று கூட்டி எரிப்பதே இதற்கு முதல் வேலை.

தழைத்தும் பூவாமை

செடி கரும்பச்சையாய்த் தழைத்து நின்றும் பூவாதிருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் நாமே. மரக்கறிப் பாத்திக்கு இடும் யூரியா நீரோடு கசிந்து வேலியடிக்கும் சேருகின்றது. செடி அதனையெல்லாம் இலையாக்கிவிடும். மற்றொன்று, வேலியை அழகுற வைத்தற்பொருட்டு அடிக்கடி நுனி வெட்டுதல். புதுத் தளிரின் நுனிப் பக்கத்திலேதான் மொட்டு அரும்பும். அதனை வெட்டி எறிந்துவிட்டுப் பூவை எதிர்பார்த்தல் வீண். மாரி தொடங்குமுன் புரட்டாதியில் ஒருமுறை, செடியின் மூன்றிலொரு பங்குக்கு மேற்படாமல் வெட்டினாற் போதும். மழையோடு வரும் தளிர் பூக்கும். மர நிழலில் நிற்கும் செடிக்கு எந்தப் பசளையும் பூவைத் தராது.

இலை மஞ்சளாதல்

எந்த இலை மஞ்சளாகின்றது என்பதை முதலிற் பார்க்க வேண்டும். அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் மாத்திரம் வெளிறினால் பெரும்பாலும் உணவுக் குறைவே. நன்கு உக்கிய மாட்டெரு இட்டாற் சரியாகும். தளிரிலைகள் மஞ்சளாகி நரம்புகள் மட்டும் பச்சையாய் நிற்குமாயின் அது இரும்புச் சத்தின் குறை. யாழ்ப்பாணக் குடாநாட்டிற் சுண்ணாம்புக் கல்லின்மேற் கிடக்கும் மண்ணிலே இது அடிக்கடி தோன்றும். மண்ணில் இரும்பு இல்லை என்பதன்று; சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் வேர் அதனை உறிஞ்ச இயலாதிருக்கின்றது. இந்நிலையில் அடுப்புச் சாம்பலைக் கொண்டுபோய் அடியிற் கொட்டுவது, காரத்தை மேலும் கூட்டி நோயை வளர்ப்பதாகும். சாம்பலை நிறுத்திக் கூட்டெருவை இடுங்கள். விரைவாய்த் தேற வேண்டின், லீற்றர் நீருக்கு 5 கிராம் அன்னபேதி கரைத்து, மாலை வேளையில் இலைமேல் தெளிக்கலாம். முதலில் ஒரு கொப்பிற் தெளித்து இலை கருகாமை கண்டபின் மற்றவற்றுக்குத் தெளிக்க.

வயலை அடுத்த தாழ்ந்த நிலங்களிற் கார்த்திகை, மார்கழியில் செடி முழுவதும் மஞ்சளாகி வாடினால் பசளை தேட வேண்டாம். வேரைத் தோண்டிப் பாருங்கள். மண்ணிறமாகித் தோல் கழன்று வந்தால் நீர் தேங்கி வேர் அழுகியதாகும். வாய்க்கால் வெட்டி நீரை வடியவிடுவதன்றி வேறு மருந்தில்லை. அழுகல் மிக முற்றிய செடியைப் பிடுங்கிவிட்டு, அடுத்த முறை மேட்டில் நடுக.

வெண்மூட்டுப் பூச்சி

செவ்வரத்தையின் பகைகளுட் கொடியது இதுவே. கொப்பு நுனியிலும் இலைக் கக்கத்திலும் மாவு பூசினாற்போல் வெண்மையாய் ஒட்டியிருந்து சாற்றை உறிஞ்சும். தளிர் சுருண்டு, கணு நெருங்கி, நுனி குருவிக்கூடு போலாகும். பூச்சி கழிக்கும் இனிய நீர் இலையில் வடிந்து, அதன்மேற் கரிய பங்கசு படரும். அந்த இனிப்பை நாடி எறும்பு வரும். எறும்பு வெறும் விருந்தாளியன்று. பூச்சியைத் தின்ன வரும் உயிர்களை விரட்டிக் காவலும் செய்யும். ஆகவே செடியில் எறும்புச் சாரையைக் கண்டால், அதைத் தொடர்ந்து சென்று பூச்சியைக் கண்டுகொள்ளலாம்.

1994 ஆம் ஆண்டிற் கரிபியன் கடலிலுள்ள கிரனடாத் தீவில் இவ்வினத்துள் ஒன்று புகுந்து செவ்வரத்தை வேலிகளையும் பயிர்களையும் பெரிதும் அழித்தது. நமது நாட்டில் 2008 இல் மேல் மாகாணத்திலே காணப்பட்ட பப்பாசி வெண்மூட்டுப் பூச்சியும் செவ்வரத்தையைத் தன் இருப்பிடங்களுள் ஒன்றாகக் கொண்டது. அதனை அடக்கியது நாசினியன்று. 2009 இல் வெளிநாட்டிலிருந்து தருவித்து விடப்பட்ட, கண்ணுக்கு அரிதிற் புலப்படும் ஒட்டுண்ணிக் குளவியே அடக்கியது. வேலிமேற் கடும் பூச்சிநாசினியைத் தெளிப்பவர் இக்குளவியையும் கொல்லுகின்றார். மெழுகு போர்த்த பூச்சியோ பெரும்பாலும் தப்பிவிடும்.

இன்னொன்றையும் அறிந்திருத்தல் வேண்டும். வெண்மூட்டுப் பூச்சியைத் தின்னும் சிலவகைப் பொறிவண்டுகளின் குடம்பிகளும் வெண்ணிற மெழுகிழைகள் போர்த்தே இருக்கும். அவை பூச்சியிலும் பெரியவை. தொட்டால் விரைந்து ஓடும். அவற்றை நசுக்கிவிடாதீர்கள்.

செய்ய வேண்டியது இது. சுருண்ட நுனிகளை ஒரு சாணளவு கீழே வெட்டிச் சாக்கிலிட்டுக் கட்டி, அன்றே எரித்துவிடுக. வரம்பில் எறிந்தாலோ, தழைப்பசளையென்று பாத்தியில் இட்டாலோ குஞ்சுகள் ஊர்ந்து பயிரேறும். வெட்டிய கத்தியைச் சவர்க்கார நீரிற் கழுவுக. எஞ்சிய கொப்புகளில் நீரை விசையோடு பீய்ச்சிப் பூச்சியை உதிர்க்கலாம். பின்னர் இடித்த வேப்பம் பருப்பு 50 கிராமை ஒரு லீற்றர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து, துணியில் வடித்து, சிறிது சவர்க்காரம் கலந்து, மாலையில் இலையின் கீழ்ப்புறம் நனையத் தெளிக்க. கிழமைக்கொரு முறையாக மூன்று முறை தெளித்தல் வேண்டும். மண்ணெண்ணெய் கலந்து தெளிப்போர் உளர். அது தளிரைக் கருக்கும். பிள்ளைகள் கைப்படப் பறிக்கும் பூவாதலால், வயலுக்கு வாங்கிய நாசினியில் மிஞ்சியதை இதன்மேற் தெளிப்பது எவ்வாற்றானும் தகாது.

வேலியருகே வெண்டி

வெண்டியில் மஞ்சள் நரம்பு நோயைப் பரப்பும் வெள்ளை ஈ செவ்வரத்தை இலையின் அடியிலும் வாழும். வெண்டிக் காயைத் துளைத்து விதையின் சாற்றை உறிஞ்சும் சிவப்பு மூட்டுப் பூச்சியும் இதை நாடும். ஆதலின் வெண்டிப் பாத்தியை வேலிக்கு எதிர்ப்புறத்தில் அமைத்து, இடையே இரண்டு வரிசை சோளம் நடுக. செவ்வரத்தையை அகற்றிவிட்டுப் பூவரசை நாட்டுவதால் ஒன்றும் ஆகாது. சிவப்பு மூட்டுப் பூச்சிக்கு அதுவும் உகந்த மரமே. தோட்டப் பக்கத்துக்குக் கிளுவையும் ஆடாதோடையும் பொருந்தும். செவ்வரத்தை வீட்டு வாயிலில் நிற்கட்டும்.

புதிய நிறத்தில் அடுக்குச் செவ்வரத்தை கண்டு கன்று வாங்குவோர், இலையைத் திருப்பிப் பார்த்து வாங்கி, மூன்று கிழமை தனியே வைத்திருந்து நடுதல் வேண்டும். ஐயமான கொப்பைப் போதனாசிரியரிடம் காட்ட விரும்பின், பொலித்தீன் பையில் வாய் இறுகக் கட்டிக் கொண்டு வாருங்கள். திறந்தபடி துவிச்சக்கர வண்டியிற் கட்டி வந்தால், வழியிலுள்ள தோட்டங்களுக்கெல்லாம் பூச்சியை விதைத்து வந்ததாக முடியும்.